கிளின்எபிடிபி தரவுத்தளம்: எதற்கு உதவும், எங்கே வழுக்கும்

திருகோணமலையில் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவருக்கும், மூதூரிலோ கிண்ணியாவிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு எழுதும் பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உள்ள பிரச்சினை ஒன்றுதான்: ஆள்வாரித் தரவு கைக்குக் கிடைக்காது. இலங்கைச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் திருகோணமலைக்கு நேரே வயிற்றுளைவு எண்ணிக்கை இருக்கும். எந்த வயது, எந்தக் கிணற்று நீர், எந்தக் கிருமி என்பது இருக்காது. மலேரியாவில் 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர் நோயாளியே இல்லை; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்துவிட்டது. நாட்டுக்கு நல்ல செய்தி. பகுப்பாய்வு பழக வேண்டியவர் வெளியே தேடத்தான் வேண்டும்.

அப்படித் தேடுபவருக்கு நாம் முதலில் சொல்வது 2018இல் தொடங்கிய கிளின்எபிடிபி (ClinEpiDB). பெரிய நோய் ஆய்வுகளின் ஆள்வாரித் தரவை இணையத்தில் பார்க்கவும் இறக்கவும் தரும் தளம் இது. உகண்டாவின் மூன்று இடங்களில் வீடு வீடாக மலேரியாவைத் தொடர்ந்த பிரிசம், ஏழு நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் கடும் வயிற்றோட்டத்தைப் பார்த்த ஜெம்ஸ், எட்டு இடங்களில் பிறப்பிலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்த மால்-எட் மூன்றும் அங்கே உண்டு. மால்-எட் இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் வேலூர்.

தளத்தின் பெரிய பலம் மாறிகளை (வயது, குடிநீர் போலப் பதியப்பட்ட ஒவ்வொரு விபரத்தையும்) அடுக்கிய விதம். வீடு, பங்கேற்பாளர், வருகை, மாதிரி என்று மரக்கிளை போலப் பிரித்து, ஒவ்வொரு மாறிக்கும் நிலையான குறியீடு கொடுத்திருக்கிறார்கள். ஆய்வைத் திறந்து, வடிகட்டி, வரைபடம் போட்டு, பிறகு தரவிறக்கலாம். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் நுளம்பு வலை உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் ஒப்பிட முடிகிறது.

வழுக்குவதும் இந்த இலகுவில்தான். ஜெம்ஸில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று முதல் மூன்று வரை நலமான குழந்தைகளை, வயது, பால், வசிப்பிடம் பொருந்தும்படி தேடிச் சேர்த்தார்கள். நோயாளிகள் 9,439, ஒப்பீட்டுக் குழந்தைகள் 13,129. காரணி உண்டா இல்லையா, நோய் உண்டா இல்லையா என்று எண்ணும் தளத்தின் இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு இந்தப் பொருத்தம் தெரியாது. ஆண் குழந்தைக்கு ஆபத்து அதிகமா என்று கேட்டால் வாய்ப்பு விகிதம் (odds ratio) வித்தியாசமின்மையைக் குறிக்கும் 1ஐ ஒட்டியே வரும். வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், பொருத்தும்போதே அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டார்கள். கழிவறை, குடிநீர் போன்ற காரணிகளிலும் பொருத்தத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் விகிதம் 1ஐ நோக்கிச் சாயும். தரவை இறக்கி, நோயாளியையும் ஒப்பீட்டுக் குழந்தையையும் இணைக்கும் எண்ணை மாறிப் பட்டியலில் தேடி, ஆர் (R) மென்பொருளின் சர்வைவல் (survival) தொகுப்பில், பொருத்தத்தைக் கணக்கில் எடுக்கும் கிளாஜிட் (clogit) பகுப்பாய்வை ஓட்டுவதே சரி. அந்த எண் கிடைக்காத இடத்தில் வயது, பால், ஆய்விடம் மூன்றையும் பகுப்பாய்வு மாதிரியுருவில் (model) சேருங்கள்.

பிரிசத்தில் சிக்கல் வேறு. ஒரே குழந்தை பலமுறை மருத்துவ நிலையம் வந்திருக்கும். ஒவ்வொரு வருகையும் ஒரு வரிசை. வருகை மட்டத்தில் அட்டவணை போட்டால் ஒரே பிள்ளையைப் பல பிள்ளைகளாக எண்ணியதாகும், பி மதிப்பு (p-value) பொய்யாகச் சிறுத்து, தற்செயல் வித்தியாசமும் உண்மை போலத் தோன்றும். பொறிகளில் சிக்கிய நுளம்புகளின் எண்ணிக்கை வீட்டு மட்டத்துத் தரவு. அதைக் குழந்தைக் கோப்போடு அப்படியே ஒட்டினால், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே இரவின் நுளம்புகள் நான்கு தடவை எண்ணப்படும். முதலில் வீடு வாரியாகச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு இணையுங்கள்.

மால்-எட் கோப்பை எக்செலில் திறப்பது வீண் முயற்சி. 2,145 குழந்தைகளுக்கு 24 மாத நாளாந்தப் பதிவு என்றால் 1,048,576 வரிசை எல்லையைத் தாண்டிவிடும். எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு மிச்சத்தை வெட்டிவிடும். ஆரில் பெரிய கோப்பை வாசிக்கும் எஃப்ரீட் (fread) கட்டளை போதும். இன்னொன்று: வயிற்றோட்ட நாளும் வயிற்றோட்டத் தடவையும் ஒன்றல்ல. இடையே இரண்டு நாள் வயிற்றோட்டம் இல்லாதிருந்தால்தான் அடுத்தது புதிய தடவை. இந்த விதியை விட்டுவிட்டு எண்ணினால் வீதம் ஊதிப்போகும்.

நமக்குப் பெரிய ஏமாற்றம் திகதிகள். அடையாளம் தெரியாதிருக்கப் பல ஆய்வுகளில் ஒவ்வொருவரின் திகதியையும் எழுமாறாக நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் இரு வருகைகளுக்கு இடைப்பட்ட நாட்கள் சரியாக இருக்கும், நாட்காட்டி மாதம் இருக்காது. நம் வடகீழ்ப் பருவமழை போல அங்கும் மழைக்குப் பின் நோய் ஏறுகிறதா என்று பார்க்க வருபவர், ஆய்வுப் பக்கத்தில் திகதி பற்றிய குறிப்பை வாசித்த பிறகே தலைப்பைத் தெரிவு செய்யட்டும். மாறியாகத் தனியே மாதமோ பருவமோ கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம்.

அனுமதி ஆய்வுக்கு ஆய்வு மாறும். சிலவற்றுக்குக் கணக்குத் திறந்தால் போதும். சிலவற்றுக்கு நோக்கத்தை எழுதி, தரவு உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும். "ஆய்வுக்காக" என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், கேள்வி, தேவையான மாறிகள், செய்யப்போகும் பகுப்பாய்வு மூன்றையும் நான்கைந்து வரியில் எழுதுங்கள். ஆய்வறிக்கை ஒப்படைக்கும் நாளுக்கு மிக முன்பே விண்ணப்பியுங்கள். கிடைத்த கோப்பை வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, கூட்டாளியும் தன் பெயரிலேயே கேட்க வேண்டும்.