ஏர் பம்ப் கழற்றும் வேலை: வியாசர்பாடி லேத் பட்டறையை நம்பலாமா?

எழுபது, எண்பதுகளில் வந்த சில வெளிநாட்டு பெட்ரோல் கார்களில், ஆல்டர்னேட்டர் பக்கத்தில் பெல்ட்டில் சுற்றும் இன்னொரு உருளையைப் பார்க்கலாம். அதுதான் ஏர் பம்ப். எக்ஸாஸ்ட் வாசலில் வெளிக்காற்றை ஊதி, எரியாமல் மிஞ்சிய பெட்ரோலையும் கார்பன் மோனாக்ஸைடையும் அங்கேயே எரிய வைக்கும். இதைக் கழற்றி ஓட்டைகளை அடைத்துத் தரும் வேலையை வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறை எடுத்துச் செய்கிறது. கடைசல் வேலைக்கு முழு மார்க் கொடுக்கலாம். ட்யூனிங்குக்குப் பாதிகூடத் தேறாது.

முதலில் நல்லது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டி என்றால் பம்பிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயின் நட்டுகள், உப்புக் காற்றில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு (என்ஜின் புகை வெளியேறும் வார்ப்பிரும்புப் பாகம்) ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே சுத்தியலை எடுப்பதில்லை. முதல் நாள் சாயங்காலம் துரு ஆயில் விட்டு ஊற வைக்கிறார்கள். மறுநாள் நட்டைச் சுற்றி கேஸ் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் குழாய் நட்டுக்கான ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கிறார்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைச் சூடாக்காமல் முறுக்கினால் நட்டின் முனை மழுங்கும், இல்லையென்றால் குழாய் உள்ளேயே ஒடியும்.

அடைப்பான் கடைவதில்தான் கெட்டிக்காரர்கள். மரையின் இடைவெளியைப் பிட்ச் கேஜ் வைத்து அளந்த பிறகே கம்பியை லேத்தில் மாட்டுகிறார்கள். அமெரிக்க என்ஜின்களில் அங்குல மரை. ஃபோர்டு 302 என்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கக் காற்று ஓட்டை 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. அதில் மில்லிமீட்டர் மரை வெட்டும் கருவியை விட்டு மரையைத் தின்ன வைக்கும் கைகள் ஊரில் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் புகை கசிந்து, குளிர்ந்த என்ஜினில் 'டிக் டிக்' சத்தம் கேட்கும். வால்வு சத்தம் என்று நினைத்து டாப்பெட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள். இங்கே இரும்பு பிளக், ஆலன் கீ தலை, மரையில் தாமிரப் பசை. டெஃப்லான் டேப் கேட்டால் மறுக்கிறார்கள், சரிதான். 260 டிகிரிக்கு மேல் அது தாங்காது.

இனி குறை. டைவர்ட்டர் வால்வுக்கு (ஆக்ஸிலேட்டரை விட்டதும் பம்ப் காற்றை எக்ஸாஸ்ட்டுக்கு விடாமல் வெளியே திருப்பும் வால்வு) போகும் சின்ன வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டில் அந்த முனையைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். காற்று புகுந்து கலவை மெலிந்து ஐட்லிங் ஏறி இறங்கும். ரப்பர் மூடி போட்டு கிளிப் அடிக்கச் சொல்லுங்கள். பம்ப் காற்றை ஏர் கிளீனரிலிருந்து எடுத்திருந்தால் அங்கேயும் ஓர் ஓட்டை திறந்திருக்கும், தூசி நேராக கார்புரேட்டருக்குப் போகும். பம்ப் சுற்றிய பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுற்றியதா என்று கழற்றும் முன்பே பாருங்கள். அப்படியென்றால், மிச்சப் புல்லிகளைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்து சின்ன பெல்ட் வாங்க வேண்டும்.

பெரிய குறை புகை அளவு. பம்ப் ஊதிய காற்று எக்ஸாஸ்ட்டில் கலந்து, கார்புரேட்டர் அதிகமாகப் பெட்ரோல் விடுவதை மறைத்து வைத்திருக்கும். எடுத்ததும் உண்மை வெளியே வந்துவிடும். பிஎஸ் 2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம்தான் வரம்பு. இந்தப் பட்டறையில் கேஸ் அனலைசர் கிடையாது, காதால்தான் ட்யூன் செய்கிறார்கள். புகைச் சோதனை மையத்தில் சூடான என்ஜினோடு அளந்து கார்புரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருத்தாமல் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இதைத் தொடவே வேண்டாம், அது வேலை செய்ய அந்தக் காற்று தேவை. தயாரிப்பாளர் விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது என்பதையும் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'டப்' என்று வெடிக்கிறது என்பதற்காகத்தான் பலர் கழற்ற வருகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் டைவர்ட்டர் வால்வின் கிழிந்த டயஃப்ரம். பம்பின் காற்று ஹோஸ் கருகியிருந்தால், புகை திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போய்விட்டது. கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும், இரு பக்கமும் போனால் மாற்ற வேண்டியதுதான். இந்த இரண்டை மாற்றினாலே பிரச்சினை தீரும். பம்பை எடுப்பதால் பிக்கப் கூடும் என்பதெல்லாம் பேச்சு, பெல்ட் இழுவை அவ்வளவு சின்னது.

எப்படியும் கழற்றுவது என்றால் பம்ப், பிராக்கெட், குழாய் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அன்று மாலையே காயலான் கடைக்குப் போய்விடும்.