லாக்ட்மெட்: மனநோய் மாத்திரை சாப்பிடும் தாய்க்குக் கைகொடுக்குமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு டாக்டர் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, "மருந்து பாலில் இறங்கும், நிறுத்திடும்மா" என்பதுதான். பெட்டிக்குள் இருக்கும் தாளும் பெரும்பாலும் பால் கொடுப்பதைத் தவிர்க்கவே சொல்லும். ஆனால் பாலில் எவ்வளவு இறங்குகிறது, அது பிள்ளையை என்ன செய்கிறது என்று அந்தத் தாளில் விளக்கமாக இருக்காது. அந்தக் கேள்விக்கென்றே 2006 முதல் இருப்பது லாக்ட்மெட் என்ற இணையத் தகவல் தொகுப்பு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம், பதிவு செய்யத் தேவையில்லை, கைப்பேசியிலும் திறக்கும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

தேடும்போது வணிகப் பெயரை விட மருந்தின் பொதுப் பெயரே கைகொடுக்கும். உதாரணத்துக்கு, செரோகுவெல் என்ற மனநோய் மாத்திரைக்குத் தட்ட வேண்டியது செரோகுவெல் அல்ல, குவெட்டியாபின். அதையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். அரசு கிளினிக் மருந்துப் பையில் பொதுப் பெயரும் மில்லிகிராமும் அச்சாகியிருக்கும்.

பக்கத்தின் உயிர் மருந்தளவுப் பகுதியில் இருக்கிறது. தாய் கிலோவுக்கு எவ்வளவு சாப்பிடுகிறாள், பிள்ளைக்குக் கிலோவுக்கு எவ்வளவு போகிறது என்ற விகிதம் அங்கே கிடைக்கும். 10 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் முழுமாதப் பிள்ளைக்குப் பொதுவாக ஏற்கலாம் என்பது வழக்கம். ஓலன்சபினுக்கு அது சுமார் 1 முதல் 2 விழுக்காடு வரை. 60 கிலோ தாய் தினமும் 10 மி.கி. சாப்பிடுகிறாள், விகிதம் 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பால் மட்டும் குடிக்கும் 5 கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்குப் போவது 0.0125 மி.கி., அதாவது அந்த மாத்திரையில் 800-ல் ஒரு பங்கு. வீட்டில் பயப்படும் பாட்டியிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தினம் 400 மி.கி. வரையிலான குவெட்டியாபினுக்கு விகிதம் 1 விழுக்காட்டைக் கூடத் தொடுவதில்லை.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இடறுவது குளோசபின் என்ற மனநோய் மருந்தில். பிள்ளையின் வெள்ளணு குறையலாம், மயக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால் வேறு மருந்துக்கு வழியிருந்தால் அதையே தேடுவார்கள்.

பலர் தாண்டிப் போகும் பகுதி, பால் சுரப்பின் மேல் மருந்தின் விளைவு. அரிப்பிபிரசோல் என்ற மனநோய் மருந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைப்பதால் பால் வற்றலாம். இது தெரியாமல் பால் ஊற டொம்பெரிடோன் கேட்டு வாங்கினால், சில மனநோய் மருந்துகளோடு சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கையே அது கெடுத்துவிடலாம். சுரப்பு குறைந்தால் முதலில் மாத்திரைப் பட்டியலைப் பார்மசி கவுண்டரில் காட்டுங்கள்.

நான்கோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. எல்லாம் ஆங்கிலம், அதுவும் மருத்துவ ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தனிப் பக்கம் என்பதால், இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு மொத்த விடை கிடைக்காது. குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கும் மருந்தைக் கழிக்கும் ஈரலும் சிறுநீரகமும் முதிர்ந்திருக்காது. அங்கே பக்கத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஸ்பெயினின் இதேபோன்ற தளமான இ-லாக்டான்சியா பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் சொல்வதால் பார்க்க எளிது. ஆனால் விரிவான விளக்கம் வேண்டுமென்றால் லாக்ட்மெட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

மாத்திரை போட்டதும் பாலைப் பீச்சிக் கொட்டும் பழக்கம் வீண். ஓலன்சபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும்; ஒரு வேளைப் பாலைக் கொட்டி என்ன ஆகப்போகிறது? மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பிவிடலாம், பிள்ளைக்குப் பெரிய ஆபத்து அதுதான்.

பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை: பாலுக்கு எழுப்பினாலும் எழாத தூக்கம், சப்பும் வலு குறைதல், கைகால் நடுக்கம் அல்லது விறைப்பு, எடை ஏறாமை. எடையைக் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) புத்தகத்தில் குறித்து வருவார், முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே காட்ட வேண்டும், மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு. இரவு மாத்திரை தாயை ஆழ்ந்து தூங்க வைக்கும். அதனால் பிள்ளையை அவள் பக்கத்தில் மெத்தையில் படுக்க வைக்காதீர்கள், இரவில் ஒருவர் விழித்திருந்து பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து வாங்கட்டும்.