ரைட்டிங்கில் அரை பேண்ட் குறைகிறது: மறுபடி ஐஈஎல்டிஎஸ்ஸா, பிடிஇ கோரா, பிரெஞ்சா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கனடா பிஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) முயற்சி செய்கிற பிள்ளைகள் பலருக்கும் ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றும் வந்துவிட்டன. ரைட்டிங் மட்டும் 6.5. "அரை பேண்ட்தானே, போனால் போகட்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது.

புள்ளி வரிசைப்படி ஆட்களை அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9 என்ற நிலைக்கு ஐஈஎல்டிஎஸ் ஜெனரலில் லிசனிங் 8, மற்ற மூன்றும் தலா 7 வேண்டும். ரைட்டிங் 6.5 என்றால் அது சிஎல்பி 8. தனியாக விண்ணப்பிப்பவருக்கு இதில் நேரடியாகப் போவது 31க்கும் 23க்கும் இடையிலுள்ள 8 புள்ளி மட்டுமே. பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. படிப்போடும் வெளிநாட்டு அனுபவத்தோடும் மொழியைச் சேர்த்துத் தரும் கூடுதல் புள்ளிகள், நான்கு திறனும் 9ஐத் தொட்டால்தான் முழுசாகக் கிடைக்கும். கனடாவுக்கு வெளியே மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்கு (சென்னையில் பார்த்த வேலையும் இதில்தான் சேரும்) 25 என்பது 50 ஆகும். பி.இ. மட்டும் முடித்தவருக்கு 13 என்பது 25 ஆகும், எம்.இ., எம்பிஏ என்றால் 25 என்பது 50 ஆகும். கூட்டிப் பாருங்கள்: அந்த அரை பேண்டுக்கு பி.இ. படித்தவர் இழப்பது 45 புள்ளி, முதுகலை முடித்தவர் இழப்பது 58. 2025 மார்ச்சில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். ஆக, நம் கையில் இருக்கிற பெரிய பிடி மொழிதான்.

இந்த நிலையில் அதிகம் காதில் விழும் யோசனை, "பிடிஇக்கு மாறிவிடு, அது ஈஸி" என்பது. பிடிஇ இன்னொரு ஆங்கிலத் தேர்வு. அதன் பிடிஇ கோர் வகையைக் கனடா 2024 ஜனவரி கடைசியிலிருந்து ஏற்கிறது. இரண்டு மணி நேரத் தேர்வு, கணினியே திருத்தும், நீளக் கட்டுரை கிடையாது. மின்னஞ்சலும் சுருக்கமும் எழுதினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஎல்பி 9க்கு அதில் என்ன வேண்டும் தெரியுமா? லிசனிங் 82, ரீடிங் 78, ஸ்பீக்கிங் 84, ரைட்டிங் 88. மொத்தமே 90! ரைட்டிங்கில் தடுமாறுகிறவரை 90க்கு 88 கேட்கும் தேர்வுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆளைப் பார்த்துப் பேசும்போது நடுங்கி, மைக்கில் மட்டும் தடங்கலில்லாமல் பேசுகிறவர், எழுத்துப்பிழை இல்லாமல் வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் என்றால் மாறிப் பார்க்கலாம். செல்பிப் என்ற கனடிய ஆங்கிலத் தேர்வும் ஏற்கப்படுகிறது, அதன் ஸ்கோர் அப்படியே சிஎல்பி எண்தான். கனடிய உச்சரிப்பு பழகியிருந்தால் அதுவும் ஒரு வழி.

மாறுவதாக இருந்தால் பெயரைச் சரியாகப் பாருங்கள். கனடாவுக்குப் பிடிஇ கோர், ஆஸ்திரேலியாவுக்குப் பிடிஇ அகாடமிக். ஒன்றை எழுதிவிட்டு இன்னொரு நாட்டில் காட்ட முடியாது. இரண்டு நாட்டையும் மனதில் வைத்திருப்பவருக்கு ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் லாபம், புள்ளிக் கணக்குக்கு இரண்டிலும் செல்லும்.

மறுபடி ஐஈஎல்டிஎஸ்ஸே எழுதுவதுதான் இந்த 6.5 காரர்களில் பெரும்பாலானோருக்கு என் தேர்வு. ஆனால் ஒரு மாதத்தில் சும்மா போய் மறுபடி உட்காருவது வேறு, ரைட்டிங்கைத் திருத்திக்கொண்டு போவது வேறு. கடிதத்தைவிடக் கட்டுரைக்கு இரட்டிப்பு மதிப்பு. பலர் கடிதத்திலேயே அரை மணியைக் கரைத்துவிட்டுக் கட்டுரையை ஓடி முடிக்கிறார்கள். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்த தொடக்க வரிகளைத் திருத்துகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். கேள்வியில் இரண்டு பகுதி இருந்தால் இரண்டுக்கும் பதில் வேண்டும். எழுதியதை வரிவரியாகத் திருத்தித் தர ஒருவர் வேண்டும். மாக் டெஸ்டுகளை அடுக்கிக்கொண்டே போவதால் மட்டும் இது வராது. குறுவை நெல் போட்ட பணத்தில் ஃபீஸ் கட்டும் வீடுகள் இருக்கின்றன. பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும் தேர்வைத் தயாராகாமல் எழுதவே கூடாது.

அதற்கு முன்னால் மறுமதிப்பீடும் கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், ஸ்கோர் மாறினால் கட்டிய பணம் திரும்பும். ரைட்டிங், ஸ்பீக்கிங்குக்கு இது பொருந்தும். லிசனிங், ரீடிங்கில் விடை சரி அல்லது தப்பு, அவ்வளவுதான். அங்கே மாறுவது அபூர்வம்.

அப்புறம் பிரெஞ்சு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் டெல்டாவுக்குள்ளேயே இருந்தும், இந்த வழியை நம்மவர்கள் யோசிப்பதே குறைவு. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வில் நான்கு திறனிலும் 7ஆம் நிலை வந்து, ஆங்கிலம் சிஎல்பி 5க்குக் குறையாமல் இருந்தால் தனியாளுக்கு 50 + 12, அதாவது 62 புள்ளி. அதோடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி அழைப்புச் சுற்று. 2024 பிப்ரவரியில் அப்படி ஒரு சுற்றில், அழைப்புக்குத் தேவையான மொத்தப் புள்ளி 336 வரை இறங்கியது. அதே மாதப் பொதுச் சுற்றுகள் 530க்கு மேலே நின்றன. பிறகு பிரெஞ்சுச் சுற்றின் எண்ணும் ஏறியிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து அந்த நிலையை எட்ட, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 30ஐத் தொட்டதும் வயதுப் புள்ளி வருஷத்துக்கு 5, 6 என்று குறையும். அப்படியும் 62 பெரியது. 27, 28 வயதில், ஆங்கிலத்தில் சிஎல்பி 9ஐத் தொட்டும் அழைப்பு வராமல் நிற்கிறவர் தயங்காமல் பிரெஞ்சைத் தொடங்கலாம். 34 வயதில் ரைட்டிங் 6.5ஓடு நிற்கிறவர் முதலில் அந்த 45ஐ எடுக்கட்டும். ஆங்கில ஸ்கோர் இரண்டு வருஷம்தான் செல்லும், விண்ணப்பம் போடும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். பிரெஞ்சுக்குக் கிளம்புகிறவர்கள் ஆங்கிலத்தை எப்போது எழுதுவது என்பதை இந்தத் தேதியை வைத்தே முடிவு செய்யுங்கள்.