பாடுபட்ட சுரூபமா, வெறும் சிலுவையா?

கத்தோலிக்கத் திருப்பலியில் பீடத்தின் மேலோ அருகிலோ உள்ள சிலுவையில் இயேசுவின் உருவம் இருந்தாக வேண்டும்; அப்படி உருவம் உள்ள சிலுவைதான் பாடுபட்ட சுரூபம். வழிபாட்டு விதி அப்படி. தலைக்கு மேலுள்ள பலகையில் ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்’ என்பதன் லத்தீன் முதலெழுத்துகள் நான்கு இருக்கும். பெரிய வெள்ளியன்று மக்கள் வரிசையாக வந்து அதை முத்தமிடுவார்கள்.

சுவிங்லி, கால்வின் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவான சீர்திருத்தச் சபைகள் உருவத்தை எடுத்துவிட்டன. சுவிங்லி போதித்த சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1524-இல் ஆலயச் சிலைகளும் படங்களும் அகற்றப்பட்டன. ‘அவர் உயிர்த்தெழுந்தார், அதனால் சிலுவை வெறுமை’ என்று இன்று சொல்லும் விளக்கம் அழகுதான். ஆனால் உடல் இறக்கப்பட்டது வெள்ளி மாலையே. ஞாயிறன்று வெறுமையாக இருந்தது கல்லறை! அன்றைய முதன்மைக் காரணம் விவிலியத்தின் யாத்திராகமம் 20:4, அதாவது கத்தோலிக்கப் பதிப்பின் விடுதலைப் பயணம்.

உருவம் செய்யாதே என்ற அந்த வசனத்தைச் சீர்திருத்தச் சபைகள் பத்துக் கட்டளைகளில் தனியே இரண்டாம் கட்டளையாக எண்ணும். கத்தோலிக்கரும், மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவினரான லுத்தரன்களும் முதல் கட்டளைக்குள் அடக்குவர். லுத்தரன் ஆலயங்கள் பலவற்றில் சுரூபம் இன்றும் உண்டு. ‘புராட்டஸ்டன்ட் என்றாலே வெறும் சிலுவை’ என்ற கணக்கு தப்புவது இங்கேதான்.