எச்410 போர்டில் 11ஆம் தலைமுறை புராசஸர் ஓடாது: பயாஸ் அப்டேட் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கீழக்கரை, ஏர்வாடி, ராமநாதபுரம் பக்கம் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு போர்டு வாங்குங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை.

துபாயிலிருந்து வந்த மச்சான் இன்டெல் ஐ5 11400 புராசஸர் (11ஆம் தலைமுறை) ஒன்று கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு அதை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் செய்துவிடலாம் என்று டவுனில் ஒரு கடையில் போர்டு (மதர்போர்டு) கேட்டேன். புராசஸரின் முதுகில் பொறித்திருந்த எழுத்துத் தெரிய படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதற்குப் பொருந்துகிற போர்டு வேண்டும் என்று எழுதியும் இருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்தது எச்410. "11க்கு எச்510 தானேண்ணே வேணும்?" என்றேன். "ரெண்டும் 1200 சாக்கெட்தான் தம்பி, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க. வரலைன்னா நான் பொறுப்பு" என்றார். சாக்கெட் என்பது போர்டில் புராசஸர் உட்காரும் இடம்.

மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் பயாஸ் (போர்டை இயக்கத் தொடங்கும் உள்மென்பொருள்) அப்டேட் செய்யணும் என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டில் மாட்டினால் அதே கதை. அடுத்த தடவை போனபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க ஊர் கடல் காத்துல புராசஸர் உப்புப் பிடிச்சிருக்கும்" என்கிறார்! கடலோரத்தில் இருப்பவனிடம் இதைச் சொன்னால் உடனே நம்பிவிடுவான், ஏனென்றால் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் உப்பில் போவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் உப்பு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். செம்பில் பச்சை படியும். போன் கேமராவைப் பெரிதாக்கி புராசஸரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தங்கப்பூச்சுப் புள்ளிகள் வரிசை குலையாமல் பளபளவென்று இருந்தன. ஒரு பச்சை இல்லை, ஒரு கறை இல்லை.

மண்டபத்தில் என் நண்பனிடம் எச்510 போர்டும் 10ஆம் தலைமுறை ஐ3 10100ம் இருக்கின்றன. என் புராசஸரை அவன் போர்டில் போட்டதும் ஓடியது. அவனுடைய 10100ஐ என் எச்410இல் போட்டோம், அதுவும் ஓடியது. அதாவது எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒன்றுக்கொன்று சேராததைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பூட்டில் சாவி நுழைவதும் பூட்டு திறப்பதும் ஒன்றில்லை. 1200 சாக்கெட்டில் 10, 11 இரண்டு தலைமுறையும் உட்காரும். ஆனால் 2020இல் வந்த எச்410, பி460 இரண்டும் பழைய 22 நானோமீட்டர் முறையில் செய்த சிப்செட் (புராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் போர்டின் முக்கிய சிப்). 11ஆம் தலைமுறைக்கு அவற்றில் இன்டெல் ஆதரவு தரவில்லை. அந்த போர்டில் எந்த பயாஸ் போட்டாலும் நடக்காது. அதே ஆண்டு வந்த எச்470, இசட்490 போன்றவை பயாஸ் அப்டேட் செய்தால் ஏற்கும். எச்510, பி560, எச்570, இசட்590 எல்லாம் 11க்கென்றே வந்தவை. எச்410 என்ற பெயரோடு வி2, ஆர்2.0 என்று பின்னால் வந்த சில போர்டுகளில் உள்ளே வேறு சிப்செட் உண்டு. அதனால் பெட்டியில் உள்ள முழு மாடல் பெயரைத் தயாரிப்பாளர் தளத்தில் புராசஸர் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். கடைக்கு வெளியே நின்று போனிலேயே பார்த்துவிடலாம்.

இன்டெல்லுக்கு இது புதிதும் இல்லை. 1151 சாக்கெட்டிலும் எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை ஓடாது. ஆகவே 'சாக்கெட் ஒண்ணுதான்' என்று யார் சொன்னாலும் சிப்செட் பெயரைக் கேளுங்கள். பில்லில் போர்டின் முழு மாடல், எந்த புராசஸருக்கு என்பது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். எனக்கு வந்த பில்லில் வெறும் 'மதர்போர்டு 1' என்றுதான் இருந்தது. வாட்ஸ்அப் இல்லையென்றால் என் கையில் ஆதாரமே இருந்திருக்காது.

பில்லுக்கு அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் வேறு. அதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்த பிறகு போர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தைக் கொடுத்தார்கள். பயாஸுக்கு வாங்கிய 800 ரூபாய் இன்னும் வரவில்லை, அதற்கு பில்லும் தரவில்லை. அதைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இதே மாதிரி எச்410 போர்டுக்கு பயாஸ் காசு கொடுத்தவர்கள் இருந்தால் கடைப் பெயரோடு எனக்கு எழுதுங்கள், ஒரே கடையென்றால் சேர்ந்தே மனு போடலாம்.