நினைவு நீரூற்று அமைக்க ஆள் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மறைந்த என் அக்காவின் நினைவாக வீட்டுத் தோட்டத்தில் ஒரு நீரூற்று அமைக்கும் பொறுப்பை, தோட்ட அலங்கார வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு அவர் விட்டுச் சென்ற வேலை எப்படிப்பட்டது என்பதை விவரமாக எழுதுகிறேன். இதே எண்ணத்தில் இருப்பவர்கள், துக்கம் ஆறுவதற்கு முன்பே ஆள் பேசி முன்பணம் கொடுத்துவிடாமல், இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் விரும்பியது எளிய அமைப்புதான். இடுப்பு உயரத்துக்கு நிறுத்திய ஒரு கல், அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு துளை. கூழாங்கற்களுக்கு அடியில் மறைந்திருக்கும் தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்ற, அது கல்லின் உச்சியில் ததும்பி, அக்காவின் பெயர் பொறித்த முகப்பின் மேல் மெல்லிய படலமாக வழிந்து, மீண்டும் தொட்டிக்கே திரும்ப வேண்டும். தொட்டியின் ஆழத்தைக் கேட்டாலும் மோட்டாரின் திறனைக் கேட்டாலும் அந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான்: “அக்கா நினைவுக்குச் செய்யறோம், இதுல போய்க் கணக்குப் பார்க்கலாமா சார்?” இழப்பின் வலியில் இருக்கும் எவருக்கும் இதைக் கேட்டதும் வாய் அடைத்துப்போகும். அது தெரிந்துதான் அவர் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

மோட்டார் பெட்டியில் மணிக்கு 2000 லிட்டர் என்று அச்சிட்டிருந்ததை அவர் பெருமையாகக் காட்டினார். அந்த அளவு, தண்ணீரைச் சிறிதும் உயர்த்தாமல் வெளியேற்றும்போது கிடைப்பது. உயரம் கூடக் கூட வரத்து குறைந்துகொண்டே வரும். அதே பெட்டியில் சிறிய எழுத்தில் இருந்த ‘அதிகபட்ச உயரம் 1.5 மீட்டர்’ என்ற குறிப்புக்கு, அந்த உயரத்தில் வரத்து அறவே நின்றுவிடும் என்பதே பொருள். எங்கள் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து கல்லின் உச்சி 1.4 மீட்டர் என்னும்போது என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கல்லையும் மட்டம் பார்க்காமல் நிறுத்தியிருந்ததால், வந்த சொற்பத் தண்ணீரும் பின்பக்கமாக ஒரே கோடாக இறங்கியதே தவிர, பெயர் இருந்த முகப்பு நனையவே இல்லை.

தொட்டி அதைவிட மோசம். நீர் புகாத விரிப்பு போட்டுத் தருவதாகச் சொன்னவர், செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி, பூச்சு சரியாக ஆறுவதற்குள் தண்ணீரை நிரப்பிக் கூழாங்கற்களைக் கொட்டி மூடிவிட்டார். நீர்மட்டம் நாள்தோறும் இறங்கியது. கேட்டால் வெயிலில் ஆவியாகிறது என்றார். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மோட்டாரை நிறுத்திவிட்டு, அதே தண்ணீரை ஒரு வாளியில் நிரப்பித் தொட்டியின் அருகிலேயே வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆவியாதல். தொட்டியில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் கசிவு. மோட்டார் ஓடும்போது மட்டும் குறைகிறதென்றால், குழாய் இணைப்பிலோ தெறிப்பதிலோ தண்ணீர் வெளியேறுகிறது. எங்கள் வாளியில் மட்டம் இறங்கியதே கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டியிலோ நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

இவற்றையெல்லாம் பணநஷ்டம் என்று விட்டுவிடலாம். மின்சார வேலையை அப்படி விட முடியாது. மோட்டார் நின்றுபோனதும் நாங்கள் வரவழைத்த எலக்ட்ரீஷியன் கூழாங்கற்களை விலக்கியபோது, வயரின் இணைப்பு ஈரத்திலேயே கிடந்தது. அதற்கு இருந்த ஒரே காப்பு, சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப், அதுவும் பாதி உரிந்திருந்தது. அந்த இணைப்புக்கு ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவுத் துண்டிப்பானும் இல்லை. தண்ணீர் சார்ந்த எந்த மின் இணைப்பிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவி இருந்தே ஆக வேண்டும்; வயரின் இணைப்புகள் நீர் புகாத பெட்டிக்குள், நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். முடியுமானால் 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் மோட்டாரே நல்லது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கற்களை எடுத்து விளையாடியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த மனிதர்மேல் எனக்கு ஏற்படும் கோபம் இன்றும் அடங்கவில்லை.

பொறித்துத் தருவதாகச் சொன்ன எழுத்துகள் கல்லில் கீறல் அளவுக்கே வெட்டப்பட்டு, மேலே சாயம் தீட்டப்பட்டிருந்தன. சாயம் உதிர்ந்ததில் பெயரின் கடைசி எழுத்து விரலால் தடவினால்கூடத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. ஆறாத சிமெண்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு, தண்ணீர் இறங்கிய தடத்தில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. மோட்டார் நின்ற பிறகு தொட்டியின் அடியில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. மேலே கற்கள் மூடியிருப்பது கொசுவைத் தடுக்காது. வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும்.

ஒப்பந்தக்காரர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தபோது, மோட்டாருக்கு அதைத் தயாரித்த நிறுவனமே பொறுப்பு என்றார்; உத்தரவாத அட்டையைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். ரசீதில் ‘நீரூற்று வேலை, முழுத்தொகை’ என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. எலக்ட்ரீஷியனிடம் எழுத்து மூலமாக அறிக்கை வாங்கி, புகைப்படங்களையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

வேலை கொடுக்கவிருப்பவர்கள், விரிப்பின் வகையும் தடிமனும், கல்லின் உச்சி உயரத்தில் மோட்டார் தரும் வரத்தும், எழுத்து வெட்டின் ஆழமும், மின் பாதுகாப்பும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தரமாக வேலை செய்பவர் எவரும் இவற்றை எழுதித் தரத் தயங்கமாட்டார். வேலை ஏற்கெனவே பாதியில் இருக்கிறதென்றால், கூழாங்கற்களைக் கொட்ட விடாதீர்கள். முதலில் தொட்டியை நிரப்பி இரண்டு நாள் மட்டம் பாருங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் பெயரின் மேல் வழிகிறதா என்று பாருங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகே கொடுங்கள்.