கும்பகோணத்தில் ஒரு ஹோல்டர் பரிசோதனை: கருவி நன்று, அறிக்கை போதாது

ஆனி மாதத்தில் என் அண்ணனுக்குக் கும்பகோணத்தில் உள்ள ஒரு தனியார் நிலையத்தில் 24 மணிநேர ஹோல்டர் பதிவு எடுத்தோம்; சிறு கருவியை உடலோடு கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதியும் பரிசோதனை இது. நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனெனில் நான் கண்ட குறை அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

44 வயதான அண்ணனுக்கு இருப்பது மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி முதல் வகை, அம்மா வழியாக வந்த தசைச் சிதைவு நோய். மண்வெட்டியை இறுகப் பிடித்தால் விரல்கள் உடனே விரியாது, கணுக்காலில் வலுவில்லை. 19ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே இதற்குக் காரணம் என்று 1992இல் கண்டறிந்தார்கள். இந்நோயில் மூச்சுக் கோளாறுக்கு அடுத்தபடியாக உயிரைப் பறிப்பது இதயம். பெக்கர் என்ற வேறொரு தசைச் சிதைவு வகையில் இதயத் தசையே தளர்வதால் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் தெரிந்துவிடும். அண்ணனுடைய வகையில் பெரும்பாலும் முதலில் கெடுவது மின்கடத்தல் என்பதால், எக்கோ நன்றாக இருக்கும்போதே துடிப்பு தடைபடக்கூடும். அதைவிடச் சங்கடம், நோயாளிக்கே அது தெரியாமல் போவது. வேகமாக நடக்கவே முடியாதவருக்கு மூச்சிரைப்பு எங்கிருந்து தெரியும்? அதனால்தான் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஈசிஜி எடுக்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் ஹோல்டரும் வைக்கிறார்கள்.

கருவியைப் பொருத்திய பெண்ணின் வேலையில் குறை சொல்ல இடமில்லை. மார்பு முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒயர்களைப் பிளாஸ்திரியால் ஒட்டி, குளிக்கக் கூடாது என்பதையும் தலைசுற்றினால் பொத்தானை அழுத்தி நேரத்தைக் குறிக்க வேண்டும் என்பதையும் தமிழில் அச்சிட்ட தாளோடு விளக்கினார். டிகிரி காபி குடிக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "தினமும் செய்வதை அப்படியே செய்யுங்கள் அண்ணா, அதைப் பதியத்தான் இது" என்றார். அண்ணனும் அப்படியே வலங்கைமான் பக்கத்து வயலில் குறுவை நடவைப் பார்க்கப் போய்விட, வியர்வையில் ஒரு ஸ்டிக்கர் கழன்று ஏறக்குறைய இரண்டு மணிநேரப் பதிவு வீணாயிற்று. டெல்டா வெயிலை அறிந்தவர்கள் மாற்று ஸ்டிக்கர் இரண்டைக் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். பொத்தானை ஒருமுறை அழுத்திய கட்டைவிரல் விரிய நேரமானதையும் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அறிக்கைதான் என்னை ஏமாற்றியது. சராசரித் துடிப்பு, குறைந்த துடிப்பு, அதிகத் துடிப்பு ஆகிய மூன்று எண்களும், இயல்பு நிலை என்ற ஒரு வரியும் மட்டுமே அதில் இருந்தன. மருத்துவர் சீட்டில் நோயின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், பி.ஆர். இடைவெளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலறையில் எழும் மின்துடிப்பு கீழறையை எட்ட எடுத்துக்கொள்ளும் அந்த நேரம் ஈசிஜி தாளில் ஐந்து சிறுகட்டங்களுக்குள், அதாவது 200 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும்; இந்நோயில் அது ஆறு கட்டத்தை, அதாவது 240 மில்லிசெகண்டைத் தொட்டாலோ, மின்துடிப்பு கீழறைகளில் பரவ எடுக்கும் நேரமான கியூ.ஆர்.எஸ். அகலம் மூன்று கட்டத்தை எட்டினாலோ ஆபத்துக்கான அறிகுறியாகக் கருதுகிறார்கள். அலைப்பதிவின் நகல் வேண்டும் என்று மறுநாள் போய்க் கேட்டேன்; முகம் சுளிக்காமல் அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள், அந்தப் பண்பைப் பாராட்டியே ஆக வேண்டும். அதைத் தஞ்சாவூரில் காட்டியபோது இதய மருத்துவர் கட்டங்களை எண்ணி ஆறரை என்றார். போன ஆண்டு ஐந்தரை. இதயத்துக்குள் கம்பி செலுத்தி மின்கடத்தலை அளக்கும் ஆய்வைச் செய்து, அதில் வரும் அளவைப் பார்த்துப் பேஸ்மேக்கர் வைப்பதை முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இயல்பு நிலை என்ற அந்த வரியை நம்பிக் கோப்பை மூடிவைத்திருந்தால், இது அடுத்த ஆண்டுவரை தெரியாமலே போயிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. நிலையம் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. கணுக்கால் தொங்கும் ஒருவர் பதினெட்டுப் படிகளைக் கைப்பிடியைப் பற்றியே ஏற வேண்டும், பற்றிய கை வேறு சீக்கிரம் விடாது.

கட்டணம் நியாயமானது, கருவி புதியது, ஊழியர்கள் கனிவானவர்கள். இந்நோய் உள்ளவர்கள் போகலாம். ஆனால் பணம் கட்டும்போதே அலைப்பதிவின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய் என்பதால், அண்ணன் மகளுக்கும் அடுத்த மாதம் அங்கேயே ஈசிஜி எடுக்கவிருக்கிறோம். அவளால் இப்போதைக்குப் படி ஏற முடிகிறது.